இடைவேளைக்குள் ஓடிய படம்

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓர் எழுத்துப் பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சினிமா சானல் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறதாம், இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றியாம். படித்துவிட்டு எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடுபனி உள்ளே வந்தது, மூடினேன். மறுபடி உட்கார்ந்தேன். பட்டை மறுபடி ஓடியது. மறுபடி எழுந்தேன். நான் நடிகனும் இல்லை, சானல் முதலாளியும் இல்லை. இருந்தும் ஏன் இப்படி நாற்காலியில் முள் வைத்ததுபோல் எழுந்து எழுந்து உட்காருகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கல்யாணம் ஆனதே இந்தச் சானலால்தான்.

எழுந்ததுதான் எழுந்தோம் என்று டி.வி.யின் முதுகுப்பக்கம் ஒயரைச் சரிசெய்யக் குனிந்தேன். சூடான தூசி வாசனை. இந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு உடனே இந்த மலையூரின் கடைவீதியான ஒண்டிக்கடைதான் ஞாபகம் வரும். அங்கே ஒரு தையல் கடையின் மாடியில் ரோஸ்லின் அக்காவின் கேபிள் டி.வி. அறை இருந்தது. அறை முழுக்க பெட்டிகள், பெட்டிகளுக்குப் பின்னால் ஒயர்கள், ஒயர்களுக்கு நடுவில் நான். சேலத்திலிருந்து மலையேறி வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகியிருக்கவில்லை. பெரிய டெக்னீஷியன் என்று எனக்கு நினைப்பு. நான் இழுத்துக் கட்டிய கம்பிகளில் குரங்குகள் ஊஞ்சலாடியதைப் பார்த்தவர்கள் வேறுமாதிரி நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் அந்தச் சினிமா சானல் வந்தது. தனிப் பெட்டி, தனி அட்டை, தனிச் சந்தா. விளம்பரமே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் புதுப்படம் தொடங்கினால் முடிகிறவரை ஒரே ஓட்டம். பெட்டி வந்த அன்று அக்கா அதன்மேல் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். ஏரிக்கரைப் பக்கத்து லாட்ஜுகளில் ‘வெந்நீர் உண்டு’ என்ற பலகைக்குக் கீழே ‘சினிமா சானல் உண்டு’ என்று எழுதிவைத்தார்கள். தோட்டங்களைத் தாண்டித் தொலைவில் இருக்கும் தலைச்சோலை கிராமத்திலும் கேட்டார்கள். அங்கே வரைக்கும் கம்பம் நட யாரால் ஆகும்? நான் ஒரு யோசனை சொன்னேன். வழியெல்லாம் காப்பித் தோட்டம். தோட்டமெல்லாம் நிழலுக்கு வளர்த்த மரங்கள். மரத்துக்கு மரம் கம்பியைக் கட்டிக்கொண்டே போனால் என்ன? கடவுளே கம்பம் நட்டு வைத்திருக்கிறார், நாம் எதற்குத் தனியாக நட வேண்டும்? அக்கா என்னை மெச்சினார். அந்த மெச்சலைச் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேன், அதற்கப்புறம் வேறு கிடைக்கவில்லை என்பதால்.

படம் தலைச்சோலைக்குப் போய்ச் சேர்ந்த மறுவாரமே புகாரும் வந்தது. படம் சரியில்லை என்றல்ல, விளம்பரம் இல்லை என்று. தோட்ட வேலை முடிந்து வந்த பெண்கள் உலையேற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் உட்கார்கிறார்கள். எழ வழியில்லை. வீட்டுக்கு வீடு சோறு குழைகிறது, குழம்பு அடிபிடிக்கிறது. நாலைந்து பேர் கிளம்பி ஒண்டிக்கடைக்கே வந்துவிட்டார்கள்.

“ஏனுங்க, நடுவுல ஒரு சோப்பு வெளம்பரமாச்சும் போடச் சொல்லுங்க. சோறு வடிக்கோணுமல்லங்க?”

விளம்பரத்துக்கு நான் எங்கே போவேன்? ஆனால் இல்லை என்று சொல்ல என் டெக்னீஷியன் மனசு இடம் கொடுக்கவில்லை. “இந்த வாரத்திலிருந்து இடைவேளை உண்டுங்க” என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை படம் பாதியில் இருக்கும்போது பெட்டியிலிருந்து வெளியே போகும் ஒயரை உருவினேன். மலை முழுக்கத் திரையில் புள்ளிபுள்ளியாக மழை. கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சொருகினேன். டேப் ரெக்கார்டரை நிறுத்தினால் பாட்டு அங்கேயே நிற்குமே, அதுபோலப் படமும் எனக்காக நின்றிருக்கும் என்று நினைப்பு. சொருகிப் பார்த்தால் கதாநாயகனின் தம்பி கட்டைக்கால் வைத்துக்கொண்டு நடக்கிறான். நான் டீக்குப் போகும்போது அவனுக்கு இரண்டு காலும் இருந்தது.

போன் அடித்தது. தலைச்சோலையில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அருளப்பன் வீட்டிலிருந்து. பேசியது அவர் மகள் மெர்சி.

“ஏனுங்க, அந்தத் தம்பிக்குக் கால் எப்படிங்க போச்சு?”

அந்தக் குரலுக்கு முன்னால் ‘தெரியாதுங்க, நான் டீ குடிக்கப் போயிருந்தேன்’ என்று சொல்ல எவனால் முடியும்?

“யானை மிதிச்சிருச்சுங்க.”

“பட்டணத்துல ஏதுங்க யானை?”

“சர்க்கஸ் யானைங்க. நொம்பக் கோவக்கார யானை.”

“பாவமுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். யானை பாவமா, தம்பி பாவமா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இடைவேளை நின்றுபோயிருக்க வேண்டும். நிற்கவில்லை, கதை போனால் போகிறது, சோறு குழையாமல் இருந்தால் சரி என்று தலைச்சோலை தீர்மானித்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நான் ஒயரை உருவுவேன், சொருகுவேன், படம் முடிந்ததும் போன் வரும். விட்டுப்போன கதையை மெர்சி கேட்பாள். நான் சொல்வேன். நடுவில் கப்பலைக் கவிழ்த்திருக்கிறேன், காணாமல்போன மாமனாரைக் காசியிலிருந்து வரவழைத்திருக்கிறேன். வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் எனக்குச் சனிக்கிழமைக்கு முந்தின நாளாகவே இருந்தன. ஏணியில் ஏறினால் எதற்கு ஏறினேன் என்பது மறந்துபோகும். “என்ன சாமி, ஒடம்புல எறும்பு ஏறுன மாதிரி நெளியறே?” என்று அக்கா கேட்பார்.

கோடைமழை ஒன்றிரண்டு பெய்த பிறகுதான் மலைக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த, எனக்கு மட்டும் தெரியாத விஷயம் நடந்தது. பெருமழைக்கு முன்னால் வருஷாவருஷம் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். கடவுள் நட்ட கம்பங்களில் ஆள் ஏறி அரிவாளைப் போட்டார்கள். கிளையோடு கிளையாக என் கம்பியும் துண்டு துண்டாக இறங்கியது. வேலையை முன்னால் நின்று நடத்தியவர் ரைட்டர் அருளப்பன். மறுநாள் அவர் அக்காவின் அறைக்கு வந்து, கையிலிருந்த கம்பித் துண்டை மேசைமேல் வைத்தார்.

“மரத்துல கம்பியக் கட்டுன மகராசன் யாருங்க?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் தையல் மெஷின் சத்தத்தை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நான் டிஷ் வாங்கிட்டனுங்க” என்றார் ரைட்டர். “அதே சானல் அதுலயும் வருதாம். மாட்டறதுக்கு மட்டும் ஆள் வேணும்.”

“நீயே போ கண்ணு” என்றார் அக்கா. “வேற எவனாச்சும் போயி ஓட்ட ஒடச்சானா, அதுக்கும் நம்மளத்தான் பேசுவாரு.”

இப்படியாக, மெர்சிக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பை என் கையாலேயே அறுக்க ஸ்பானரோடு ஜீப் ஏறினேன். டிஷ்ஷில் யார் ஒயரை உருவப்போகிறார்கள்? கதை விட்டுப்போகாது, விட்டுப்போகாவிட்டால் போன் வராது, போன் வராவிட்டால் அவள் யாரோ, நான் யாரோ. ஏதாவது பேசுவதென்றால் இன்றைக்குப் பேச வேண்டும். வழியெல்லாம் ஒரு நல்ல வாக்கியம் யோசித்தேன். கிடைத்ததெல்லாம் நான் கவிழ்த்த கப்பல்களில் வந்த வாக்கியங்கள்.

ரைட்டர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறி டிஷ்ஷை முடுக்கினேன். மெர்சி உள்ளே டி.வி. முன்னால்.

“வருதுங்களா?”

“வருதுங்க!”

அரை விரல் திருப்பினேன்.

“அய்யோ, போயிருச்சுங்க!”

இப்படியே வரவும் போகவுமாக வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரைட்டர் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார்.

“ஏந்தம்பி, மேல சேட்டிலைட்டு இருக்குதா, இல்ல அதையும் மரத்துல கட்டியிருக்குதா?”

“மேகம் மறைக்குதுங்க ஐயா.”

“மேகமா? வெயிலு மண்டையப் பொளக்குது.” அலுத்துப்போய்த் தோட்டத்தைப் பார்க்க நடந்துவிட்டார்.

மெர்சி வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்க, வேணுமின்னே திருப்பறீங்களா?”

“இல்லீங்க. இது நொம்ப நுணுக்கமான வேலைங்க.”

“சர்க்கஸ் யானை மாதிரியா?”

நான் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“ஞாயித்துக்கெழமை மத்தியானம் அதே படத்த மறுக்காப் போடறாங்கல்லங்க. அப்ப நீங்க சேலம் போயிருவீங்க, ஒயரை உருவ ஆளில்ல. கோயில்ல இருந்து வந்து முழுசாப் பாத்துருவேன். அந்தத் தம்பி கால்ல லாரிதானுங்க ஏறுச்சு.”

“அப்புறம் எதுக்குங்க வாராவாரம் போன் பண்ணிக் கேட்டீங்க?”

“லாரிக்கு யானை தேவலைங்க.”

நான் யோசித்த வாக்கியங்களுக்கு வேலையே வைக்கவில்லை. அவளேதான் சொன்னாள்: “டிஷ்ஷ ஒரு பக்கமா நிறுத்திப்போட்டு எறங்குங்க. அப்பா வந்தா பேசோணுமல்ல?”

பேசினேன். அவர் என்னையும் டிஷ்ஷையும் மாறி மாறிப் பார்த்தார். “மொதல்ல படம் வரட்டும்” என்றார். படம் வந்தது. அவர் சம்மதம் வர அதைவிட நாளாயிற்று.

அதன் பிறகு ஊரில் கூரைக்குக் கூரை டிஷ் முளைத்தது. அக்கா கேபிளை மூடிவிட்டு மகள் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். லாட்ஜுப் பலகைகளில் வெந்நீர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விளம்பரமே இல்லாத சானலில் முதலில் ஒரு விளம்பரம் வந்தது, பிறகு படத்தைவிட அதிகம் வந்தது, பிறகு எல்லாரும் செல்போனுக்குப் போய்விட்டார்கள். நானும்தான். உலகத்துப் படமெல்லாம் கையில் இருக்கிறது. ஒன்றையும் முழுசாகப் பார்க்க முடியவில்லை. பெயர் ஓடும்போதே அடுத்த படத்துக்குக் கட்டைவிரல் போய்விடுகிறது.

பட்டை இன்னொரு தடவை ஓடியதும் எழுந்துபோனேன். மெர்சி பக்கத்து அறையில் காதில் இயர்போனோடு செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். சானலை நிறுத்துகிறார்கள் என்றேன்.

“அது இன்னும் இருந்துச்சுங்களா?”

சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். திடீரென்று சிரித்தாள். அருகில் போய் நின்றேன்.

“என்ன ஆச்சு? எதுக்குச் சிரிக்கற?”

“உங்க போன்லயும் இருக்குதுங்க. போட்டுப் பாத்துக்குங்க.”

இருந்தது. தேடிப் போட்டேன். அவள் சிரித்த இடம் எதுவென்று தெரியாமல் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறேன்.