வாளியில் ஊறிய ராணுவக் கோட்டு

ஒரு சட்டையை என் கையில் கொடுத்துப் பாருங்கள். அதைப் போட்டவர் வலது கைக்காரரா இடது கைக்காரரா, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவரா நாற்காலியில் உட்கார்ந்தே தேய்கிறவரா, நடுவில் உடம்பு பெருத்ததா இளைத்ததா, எல்லாம் சொல்லிவிடுவேன். ஜோசியம் ஒன்றுமில்லை. தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு தையல் கம்பெனியில் பதினேழு வருஷம் தரம் பார்த்தவள் நான். “நீ பாஸ் பண்ணினா கடவுளே வந்தாலும் ரிஜெக்ட் பண்ண முடியாதும்மா” என்று எங்கள் மேனேஜர் சொல்வார். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ரொம்ப அதிகமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நாங்கள் தைத்த ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் ஜெர்மனிக்குத்தான் போயின. அவற்றை வாங்குகிற கம்பெனியின் ஆள் வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். ஐம்பது வயதுக்காரர், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். கேண்டீனில் பொங்கல் போட்டால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஒரு முறை எல்லா வேலையும் முடிந்த பிறகு, தன் பெட்டியிலிருந்து பழைய ராணுவக் கோட்டு ஒன்றை எடுத்து என் மேஜைமேல் போட்டார். “இதைப் பற்றி என்ன சொல்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என்னை யாராவது சோதித்தால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். கோட்டைக் குழல்விளக்குக்கு அடியில் விரித்தேன். செக்கிங் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

“இன்னாக்கா இது, ஹிட்லர் கோட்டா?” என்றாள் பல்லாவரத்துக்காரி ஒருத்தி.

“ஹிட்லர் இல்லடி, அவன் ஆளுங்க யாரோ. நீ கையை எடு.”

பின்பக்கம் இடுப்புக்குக் கீழே மட்டும் துணி வழவழவென்று தேய்ந்திருந்தது. இடது முழங்கையைவிட வலது முழங்கை நைந்திருந்தது. தோளில் துப்பாக்கி வார் உரசின தடமே இல்லை. “இவர் சண்டை போட்டதைவிட வண்டி ஓட்டியது அதிகம்” என்றேன். அவர் ஒரு குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினார். அந்தக் கோட்டுக்கு உரியவராக இருக்கக்கூடியவர்கள் என்று அவரிடம் மூன்று பெயர்கள் இருந்தன. மூவரில் ஒருவர் ராணுவ லாரி டிரைவர்.

அதுதான் அவருடைய பொழுதுபோக்கு. சந்தையிலும் ஏலத்திலும் வருகிற பழைய ஜெர்மன் ராணுவ உடுப்புகளையும் பதக்கங்களையும் வாங்கி, அவை யாருடையவை என்று கண்டுபிடித்து, அவர்கள் வீட்டாரிடம் சேர்ப்பார். சுலபமில்லை. அவர்களுடைய பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் பொறிப்பது கிடையாது. பதக்கத்தைக் கோட்டில் செருகுவதற்கு இடது மார்புப் பையில் நூலால் சின்னச் சின்ன வளையங்கள் தைத்திருப்பார்கள். பதக்கம் போனாலும் வளையம் நிற்கும். அந்த வளையங்களின் இடைவெளியைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டால் கோட்டும் ஆளும் பொருந்துகிறார்களா என்று தெரிந்துவிடும். அந்த வேலை எனக்குக் கைவந்த கலை. படத்தில் பொத்தானின் அகலத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் கணக்குப் போடுவேன். கடைசியாக ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவேன். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் நூல் உருகி மணியாக உருளும். அந்தக் காலத்தில் பாலியெஸ்டர் ஏது? மணி விழுந்தால் கோட்டு போலி. இப்படி ஒன்பது கோட்டுகள் பார்த்துக் கொடுத்தேன். இரண்டு போலி, ஏழு நிஜம்.

செக்கிங் பெண்கள் எனக்கு ‘எம்டன்’ என்று பெயர் வைத்தார்கள். முன்னொரு காலத்தில் மெட்ராஸில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். கெட்டிக்காரத்தனமும் கெடுபிடியும் சேர்ந்த ஆளை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம். கோபம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

பத்தாவது கோட்டை அவர் பெட்டியிலிருந்து எடுத்து, மேஜைமேல் போடாமல் என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு புகைப்படம். ஒல்லியான இளைஞர், மார்பில் இரண்டு பதக்கங்கள், மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை.

“இந்தக் குழந்தை என் அம்மா” என்றார்.

அந்த இளைஞர் ரஷ்யப் பக்கம் போனவர், திரும்பவில்லை. செத்தார் என்று கடிதமும் இல்லை, பிழைத்தார் என்று தகவலும் இல்லை. அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். அப்பாவின் முகம் படத்தில் பார்த்ததுதான். தானாக நினைவிருப்பது ஒன்றே ஒன்று, மடியில் உட்கார்ந்தபோது கன்னத்தில் உறுத்திய அந்தக் கம்பளித் துணி. “என் தாத்தா அங்கே போய் என்ன செய்தார், நல்லவரா கெட்டவரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள பயமாகவும் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு அவர் அப்பா” என்றார். இந்தப் படத்தையும் தாத்தாவின் பெயரையும் இணையத்தில் போட்டு, இப்படி ஒரு கோட்டு யாரிடமாவது இருக்கிறதா என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். போன மாதம் ஒரு வியாபாரி இருக்கிறது என்றானாம்.

அளந்தேன். வளையங்களின் இடைவெளி அப்படியே இருந்தது. மேல் பையின் மூடியில் படத்தில் தெரிந்த சின்னக் கோணல்கூட இருந்தது. உள்பையில் ஒரு துண்டுத் துணியில் மையால் அந்தத் தாத்தாவின் பெயர். நூலை உருவவேண்டும் என்று கத்தரியை எடுத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அவருடைய தாத்தாவின் கோட்டில் நான் கத்தரி வைப்பதா? கீழே வைத்துவிட்டேன்.

“உங்கள் தாத்தாவுடையதுதான் சார். சந்தேகமே வேண்டாம்.”

அவர் அங்கேயே, என் முன்னாலேயே, அம்மாவுக்கு ஃபோன் போட்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எதிர்முனையில் ஒரு கிழவி அழுவது மட்டும் நன்றாகப் புரிந்தது.

திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டு அடுத்த வியாழக்கிழமை வருவதாகவும், அதற்குள் முறையாக ஒரு அறிக்கை எழுதி வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். கோட்டை ஒரு துணிப்பையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்து, சேலையூர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் கதை முழுவதும் சொன்னேன். கொஞ்சம் பீற்றிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால், பின்பக்கத் துவைக்கிற கல்லின் பக்கத்தில் வாளி. வாளிக்குள் கோட்டு.

“அத்தை! என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

என் மாமியார் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்தார். “எதுக்குக் கத்தறே? செத்தவங்க துணி. அதுவும் சண்டையில செத்தவங்க. அதைக் கொண்டாந்து பீரோல நம்ம புடவையோட வெச்சிருக்கே. நனைச்சு அலசிப் போட்டுட்டு, நானும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்.”

நான் என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு கிழவியின் அறுபது வருஷத்தை சர்ஃப் தண்ணீரில் கரைத்துவிட்டீர்கள் என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் வாளியைக் காட்டினார்.

“அதிருக்கட்டும். இது பழைய துணின்னுதானே சொன்னே? நாலு தண்ணி மாத்திட்டேன், இன்னும் சாயம் வந்துக்கிட்டே இருக்கு. போன தீபாவளிக்கு எடுத்த பாவாடைகூட இப்படிப் போகலியே.”

கத்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். தண்ணீர் பாசியும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருந்தது. மழையிலும் பனியிலும் வருஷக்கணக்கில் கிடந்த கம்பளி, போக வேண்டிய சாயத்தையெல்லாம் எப்போதோ விட்டிருக்க வேண்டும்! கோட்டைத் தூக்கிக் காலரைப் புரட்டினேன். மனிதக் கழுத்தின் அழுக்கு ஒரு சலவையில் போகாது. பள்ளிக்கூடத்துப் பையன் சட்டையைத் துவைக்கிற எந்த அம்மாவுக்கும் அது தெரியும். முன்பு அழுக்கேறித் தெரிந்த இந்தக் காலர் இப்போது கடையில் வாங்கின மாதிரி சுத்தமாக இருந்தது. உள்பையில் பெயர் இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும் இருந்தது.

ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினேன். அடுப்படியில் போய்த் தீக்குச்சி கிழித்தேன். நூல் சுருண்டு, உருகி, கடுகளவு கறுப்பு மணியாக மேடையில் விழுந்தது.

எவனோ இணையத்தில் அந்தப் படத்தைப் பார்த்து, அளவெடுத்து, தைத்து, உரசி, கறையேற்றி விற்றிருக்கிறான். அதனால்தான் எல்லாம் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. முதல் சாம்பிளே அச்சுப் பிசகாமல் வந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படு என்று புதுப் பெண்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். அன்று ஒரு மனிதரின் கண்ணைப் பார்த்துவிட்டுத் துணியைப் பார்க்காமல் விட்டேன். எனக்கு அழுகை வந்தது, அவமானத்தில்தான்.

என் வீட்டுக்காரர் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்த்தார். யார் மனதும் நோகாத வழி எப்போதும் அவரிடம் ஒன்று இருக்கும். “தெரியாம நனைஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லு. போலின்னு எதுக்குச் சொல்றே? அந்தம்மா இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே.”

இரண்டு நாள் யோசித்தேன். பொய் சொல்வது சுலபம்தான், எனக்கு வராது என்றும் இல்லை. ஆனால் அந்தக் கிழவி கோட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். யாரோ ஒரு மோசடிக்காரன் தைத்த துணியைத் தன் அப்பா என்று வைத்துக்கொள்வாள். அதில் என் கையெழுத்து இருக்கும். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துவைத்தது உட்பட. கறுப்பு மணியையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“என்னால் அம்மாவிடம் சொல்ல முடியாது” என்றார். “தாத்தாவுடையதுதான் என்று சொன்னது நீங்கள். இல்லை என்றும் நீங்களே சொல்லுங்கள்.”

நியாயம்தான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் ஜெர்மனில் சொன்னார். தப்பு என்னுடையது, நூலை எரித்துப் பார்க்காமல் விட்டேன், மன்னிக்கவேண்டும் என்றேன். எதிர்முனையில் அந்த அம்மா ஏதோ கேட்டார்.

“உங்கள் மாமியார் எதற்காக அதைத் துவைத்தார் என்று கேட்கிறார்.”

இதைப் போய் எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் சொன்னேன். எங்கள் பக்கம் செத்தவர் துணியை அப்படியே வீட்டுக்குள் வைக்கமாட்டோம். நனைத்து அலசுவோம். தொட்டவர்கள் தலைக்குக் குளிப்பார்கள். என் மாமியாரும் குளித்தார்.

பிறகு அந்த அம்மா நிறுத்தி நிறுத்திப் பேசினார். மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“தன் அப்பாவுக்காக ஒருவர் குளித்தாரா என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் தாத்தா சாகவே இல்லை. என் பாட்டி கடைசி வரை ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தாள். யாரும் அழவில்லை, அழக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் செத்துவிட்டார் என்று நினைத்து ஒருவர் ஏதாவது செய்தது இதுதான் முதல் தடவையாம். அந்தக் கோட்டு போலியாக இருந்தாலும் தனக்கு வேண்டும் என்கிறார். தோட்டத்தில் புதைக்கப்போகிறாராம்.”

சரி என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

“அந்தம்மாவோட அம்மா, பொட்டை எடுத்தாங்களா, கடைசி வரைக்கும் வெச்சிருந்தாங்களா?”

“அவங்க ஊர்ல ஏது அத்தை பொட்டு?”

கத்தி நின்றது. “அப்போ, தான் சுமங்கலியா விதவையான்னு அவ யாருகிட்டதான் போய்க் கேட்டிருப்பா, பாவம்?”

சனிக்கிழமை நான் கத்தியதற்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்காததுபோல எழுந்துபோய்க் கொடியிலிருந்து கோட்டை எடுத்துவந்தார். மேஜைமேல் போர்வையை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்து, ஈரத் துணியை மேலே போட்டுப் போட்டுப் பொறுமையாகத் தேய்த்தார். மார்புப் பையின் அந்த இரண்டு வளையங்களை மட்டும் விரல் நுனியால் நிமிர்த்திவிட்டார்.

மறுநாள் காலை அதை ஜெர்மன்காரரிடம் கொடுத்தேன். கூடவே அறிக்கை. துணி புதிது, நூல் பாலியெஸ்டர், உரிமையாளர் யாருமில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, அடியில் காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினார். எங்கள் ஃபாரத்தில் பாஸா ரிஜெக்டா என்று குறிக்கவேண்டிய கட்டம். பதினேழு வருஷத்தில், ரிஜெக்ட் என்று தெரிந்தே நான் பாஸ் போட்டது அந்த ஒரு உருப்படிக்குத்தான்.