மதினி மேடையேறிய பட்டிமன்றம்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று பிரிட்டன் மக்கள் வாக்குப்போட்டு முடிவு செய்த ஆண்டு, சாரல் சீசனுக்கு என் அண்ணனும் மதினியும் குற்றாலம் வந்திருந்தார்கள். மகளை இங்கிலாந்திலேயே ஒரு தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஐந்தருவிச் சாலையில் அவர்கள் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டுக்குத் தினமும் பள்ளி விட்டதும் ஸ்கூட்டரில் போய்விடுவேன்.

அண்ணன் இங்கிலாந்துக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. மதினி தென்காசிப் பக்கம் பண்பொழிக்காரி, இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். உண்மையில் முதலில் வேலை கிடைத்துப் போனவள் அவள்தான். அண்ணன் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு பின்னால் போனவன். இதை எங்கள் குடும்பத்தில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

விலக வேண்டும் என்றுதான் அண்ணன் வாக்குப்போட்டிருந்தான். அதை ஏதோ போர்முனைக்குப் போய்வந்தவன் மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

"கண்டவனெல்லாம் வந்து குமியுதான் அங்க. போலந்துக்காரன், ருமேனியாக்காரன்... நம்ம நாட்டை நாமதான பாத்துக்கிடணும்?"

"எந்த நாட்டைண்ணே?" என்றேன்.

"ஏட்டி, என்ன கேள்வி கேக்குத? பாஸ்போர்ட் வச்சிருக்கேம்லா!"

மதினி புட்டுக் குழலைத் தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவன் பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. தென்காசியில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை கூடி உலகத்தைத் திருத்துவார்கள். உள்ளூரில் ஒரு தெருவிளக்கை மாற்றச் சொல்லி அவர்கள் மனுக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதன் செயலாளர் அண்ணாச்சி ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம். தலைப்பு: "விலகல் - விவேகமா? விபரீதமா?" மோனை அமைந்துவிட்டதில் அவருக்குப் பெரிய திருப்தி. எது எதை விட்டு விலகுகிறது என்பதை அவர் அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"லண்டன்காரரே பேசுதாருன்னா கூட்டம் அள்ளிரும்" என்றார். அண்ணன் லண்டனில் இல்லை. அந்த ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறான். அதை அவன் திருத்தவில்லை.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கல்யாண மண்டபம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வெளியே சாரல் அடித்ததும் அதற்கு ஒரு காரணம். நடுவர், கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். மாமியார் மருமகள் நகைச்சுவை நாலைந்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தலைப்புக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடியவர்.

விவேகம் அணியில் முதலில் பேசியவர் வேளாண்மைத் துறையில் இருந்தவர். பிரிட்டனை, கூட்டுக்குடும்பத்தில் பொறுக்கமுடியாமல் தனிக்குடித்தனம் போன மருமகள் என்றார். கைதட்டல். விபரீதம் அணியில் பேசிய விரிவுரையாளர் அதே மருமகளைத் தனிக்குடித்தனத்தில் வாடகை கொடுக்க முடியாமல் அழவைத்தார். அதற்கும் கைதட்டல். ஐரோப்பாவில் எத்தனை நாடு இருக்கிறது என்று அந்த இரண்டு பேரையும் கேட்டிருந்தால் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பார்கள். இரண்டும் தப்பாக இருந்திருக்கும்.

நடுவில், பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்து, "ஐயா, எங்க ஊரு எந்த ஒன்றியத்துக்குப் போகுது? அதை மட்டும் சொல்லிருங்க, நான் கெளம்புதேன்" என்றார். ஊராட்சி ஒன்றியத்தைப் பிரிக்கிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். மண்டபம் குலுங்கியது. அன்று அங்கே கேட்கப்பட்டவற்றில் பதில் தேவைப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அடுத்து அண்ணன். கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான், அந்தப் புழுக்கத்தில். "வெளியாட்கள் வந்து வேலையைப் பறிக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை, வீட்டுக்காரனுக்கே வீட்டில் இடம் இல்லை" என்று நீட்டி முழக்கினான். தென்காசியில் பிறந்த ஒருவன் இதைச் சொல்கிறானே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேர் விசில் அடித்தார்கள்.

அவனுக்குப் பதில் பேச வேண்டியவர் ஆலங்குளத்து வக்கீல் ஒருவர். சீசன் நெரிசலில் பழைய குற்றாலம் விலக்கில் கார் நிற்கிறது, நகரவே இல்லை என்று போன் செய்துவிட்டார். செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் ஓடிவந்தார். "டீச்சர், நீங்க ரெண்டு வார்த்தை பேசிருங்களேன்." நான் மறுத்துத் தலையாட்டுவதற்குள், பக்கத்தில் இருந்த மதினி எழுந்துவிட்டாள்.

"நான் பேசுதேன்."

அவள் மைக்கில் பேசி நான் பார்த்ததே இல்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எனக்கு இந்த மருமகள் கதையெல்லாம் தெரியாது. நடந்ததைச் சொல்லுதேன். ஓட்டு எண்ணி முடிஞ்ச அன்னைக்குக் காலையில ட்யூட்டி முடிச்சிட்டு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். யூனிஃபார்ம்லதான் நின்னேன். வயசான ஒரு மனுசன் பக்கத்துல வந்தாரு. அதுக்கு முந்தின மாசம் எங்க வார்டுல கெடந்தவரு. நாந்தான் அவரைக் குளிப்பாட்டி விட்டேன். என்னைப் பாத்து, 'ஜெயிச்சாச்சு, நீ எப்ப கெளம்புத'ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. நான் வீட்டுக்கு வந்து இவுகட்ட சொன்னேன்." கையை நீட்டி அண்ணனைக் காட்டினாள். "'அது உன்னைச் சொல்லலட்டி, போலந்துக்காரின்னு நெனச்சிருப்பாரு'ன்னாக."

மண்டபமே சிரித்தது. மதினியின் நிறத்தையும் முகத்தையும் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணனை மட்டம் தட்டிவிட்டாள் என்ற சந்தோஷத்தில், யோசிக்காமல், பல் தெரியச் சிரித்தேன்.

நடுவர் சமயத்தை விடவில்லை. "அம்மா வீட்டுச் சண்டையை மேடைக்கே கொண்டாந்துட்டாங்க! ஐயா இன்னைக்கு ராத்திரி பட்டினிதான்!"

மறுபடி சிரிப்பு. மதினி மைக்கை விடாமல் நின்றாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். "நீங்க வீட்டுக்கு வீடு பிள்ளையள வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சிருக்கீங்க. கடையநல்லூர்ல போய்ப் பாருங்க, ஒரு தெருவுல ஆம்பளை பாதிப்பேரு வளைகுடாவுல இருப்பான். அவனை ஒருத்தன் 'நீ எப்ப கெளம்புத'ன்னு கேட்டா சிரிப்பீங்களா?"

சிரிப்பு நின்றது. நடுவர் மணியை அடித்தார். அவளுக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் நேரத்தைத் தாண்டித்தான் பேசினார்கள். அவர்களுக்கு அடிக்காத மணி அது. மதினி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தீர்ப்பு: "இது விவேகம் கலந்த விபரீதம்." யாரையும் நோகடிக்காத, எதையும் சொல்லாத அந்தத் தீர்ப்புக்கு எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மதினி பெயர் நோட்டீஸில் இல்லாததால் அவளுக்குப் பொன்னாடை இல்லை என்று செயலாளர் என்னிடம் வந்து விளக்கம் சொன்னார்.

காரில் ஏறியதுமே அண்ணன் ஆரம்பித்தான். "ஊருக்கு முன்னால என் மானத்தை வாங்கிட்ட."

"பஸ் ஸ்டாப்புல நான் அழுதுக்கிட்டு நின்னப்ப உங்க மானம் எங்க இருந்துச்சு?" என்றாள் மதினி. பிறகு டிரைவரிடம், "தம்பி, டீச்சர் வீட்டுல என்னை இறக்கி விட்ருங்க" என்றாள்.

ஒன்பது நாள் என் வீட்டில் இருந்தாள். அண்ணன் ஒருதடவைகூட வரவில்லை. குற்றாலத்தில் உட்கார்ந்து, தன் பேச்சைப் போனில் படம் பிடித்தவர்களிடம் அதை வாங்கி எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். மதினி பேசிய பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினான். எனக்கும் வந்தது.

மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மதினியிடம் கேட்டேன். "இவ்வளவு நடந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மதினி?"

"சொன்னா என்ன செய்திருப்ப? அன்னைக்கு நீயும்தான சிரிச்ச." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மடித்த துணியை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரையும் முட்டாள்கள் என்று மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். என்னை அதில் சேர்க்க மறந்திருந்தேன்.

பத்தாம் நாள் ஒரே விமானத்தில் இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். பிரியவில்லை. மகள் இருக்கிறாள், வீட்டுக்கடன் இருக்கிறது, பேசாமல் வாழ்கிற பழக்கமும் வந்திருக்கும். நாலைந்து வருஷத்தில் மதினி தன் வார்டுக்கே பொறுப்பு நர்ஸ் ஆனாள். பிரிட்டன் விலகியதும் அண்ணனின் தொழிற்சாலை, வேலையில் பாதியைக் கடலுக்கு அந்தப்பக்கம் ஐரோப்பாவுக்கே கொண்டுபோய்விட்டது. மீதிப் பாதியில் அவனுக்கு இடம் இல்லை. இப்போது ஒரு கிடங்கில் பெட்டி எண்ணுகிறான். அவனுக்கு மேற்பார்வையாளர் ஒரு போலந்துக்காரர், நல்ல மனுசன் என்று மதினிதான் சொன்னாள்.

போன சீசனுக்கு மறுபடி வந்தார்கள். ஒருநாள் அவர்கள் வாடகை வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர், அந்தச் செயலாளர் அண்ணாச்சி உட்பட, டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிரிட்டன் விலகிய பேச்சை யாரோ எடுத்தார்கள். அண்ணன் காலை ஆட்டிக்கொண்டு சொன்னான்: "பெரிய முட்டாத்தனம்லா அது. நான் அப்பவே வேண்டாம்னு சொன்னவன். எவன் கேட்டான்?"

செயலாளர், "ஆமா, ஆமா, லண்டன்காரர் அன்னைக்கே தீர்க்கமா பேசினாரு" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மதினி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு இருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"இல்லண்ணே" என்றேன். "நீ விலகணும்னுதான் ஓட்டுப்போட்ட. கோட்டு போட்டுக்கிட்டு அதைத்தான் பேசின. வேண்டாம்னு பேசினது மதினி."

"ஏட்டி, உனக்கென்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். வீடியோ நீதான அனுப்பின? வச்சிருக்கேன். போடவா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளருக்குத் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஊருக்குத் திரும்பும்வரை என்னோடு பேசவில்லை. இன்றுவரை போனும் இல்லை.

மதினி ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். வார்டுக் கதை, மகள் கதை, அங்கே பெய்யும் மழை. நேரம் போவதே தெரிவதில்லை.