முன்னுரை அக்கா

விடுதி மாடியறையில் இருந்த மூன்றாம் ஆண்டுக்காரியை எல்லோரும் முன்னுரை அக்கா என்றுதான் அழைத்தார்கள். முதலாண்டுப் பெண்கள் கட்டுரையோடு போனால், கட்டிலில் சாய்ந்தபடியே திருத்திக் கொடுப்பாள். அவள் சொந்தமாக எழுதியதற்கு நல்ல மதிப்பெண் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

சுருட்டை என்று தோழிகள் கூப்பிடும் முதலாண்டுக்காரியும் போனாள். முதல் கட்டுரையில் அவள் தோற்றிருந்தாள். இந்த இரண்டாவதிலும் தோற்றால் அடுத்த ஆண்டும் இதே வகுப்பில் உட்கார வேண்டும். ஓரிடத்தில் போய் உட்கார்ந்து, கண்டதை எழுத வேண்டும் என்பது ஆசிரியை கொடுத்த வேலை. விடுதியின் துவைக்கும் அறையில் ஒரு பிற்பகல் முழுக்க இருந்து, ஒரு வாளிக்காக இரண்டு பேர் போட்ட சண்டையை அவள் எழுதியிருந்தாள்.

"என்னடி இது, குழாயடிச் சண்டை? இதையெல்லாம் காலேஜ் கட்டுரைல எழுதுவாங்களா?"

"நான் பார்த்தது அதுதானேக்கா."

"நீ பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன? கட்டுரைன்னா கனமா இருக்கணும். பேனாவைக் குடு."

வாளி போனது. சண்டை போனது. ஈரத்தரையில் வழுக்கி விழுந்தவளும் போனாள். அந்த இடத்தில் தூய்மையும் நாகரிகமும் சமுதாயமும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன. நெல்லைக் கொட்டிவிட்டு உமியை அள்ளிக் கட்டிய மாதிரி. சுருட்டைக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வாயில்லாப் பூச்சி, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வகுப்பில் ஆசிரியை அவள் கட்டுரையை எடுத்து வாசித்தார். "மனித குலம் தோன்றிய காலம் முதல் துணி துவைத்தல் இன்றியமையாததாக விளங்குகிறது." அதே மாடியறைக்குப் போய்வந்த பக்கத்து அறைப் பெண்ணுடையதை எடுத்தார். "மனித குலம் தோன்றிய காலம் முதல் பேருந்து நிலையம் இன்றியமையாததாக விளங்குகிறது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"ஆதிமனுஷன் எந்த பஸ்ஸுக்கும்மா காத்திருந்தான்?" என்ற ஆசிரியை, சுருட்டையைப் பார்த்தார். "நீ நிஜமாவே அந்த ரூம்ல உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன் மிஸ்."

"என்ன பார்த்தே?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வாளிக்காக ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க மிஸ். அதுக்குள்ள மூணாவது ஆள் வந்து அந்த வாளியத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க."

"அதை எழுதிக் குடு. நாளைக்கு வேணும்."

சுருட்டை மாடிப்பக்கமே போகாமல் எழுதிக் கொடுத்தாள். தேறினாள்.

செய்தி எட்டியதும் முன்னுரை அக்கா அவளைப் படிக்கட்டில் மறித்தாள். "பாஸாமே? நான் கை வச்சதாச்சே, பின்ன?"

"நீங்க எழுதினதை மிஸ் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினாங்கக்கா."

அக்காவின் முகம் பூரித்துப்போனது. "அப்படியா! என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"புரியாததுங்க சிரிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அக்கா மாடியேறினாள். அங்கே இன்னும் இரண்டு பேர் கட்டுரையோடு காத்திருந்தார்கள்.