ரெக்கார்டு ரூமில் ஒரு முட்டை

எங்கள் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு முறை இருந்தது. லேடீஸ் ரூமில் ஒரு நீள மேஜை. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் டப்பாவாலா வீடு வீடாக வாங்கிக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாக்கள் வெளியே வராந்தாவில் வரிசையாக இருக்கும். அவரவர் டப்பாவை எடுத்துவந்து திறந்ததும், மேல் மூடியை மல்லாத்தி வைத்துப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிட வேண்டும். மூடி கைமாறிக் கைமாறி மேஜையைச் சுற்றும். ஒவ்வொருத்தியும் தான் கொண்டுவந்த கறியிலோ கூட்டிலோ ஒரு கரண்டி அதில் போடுவாள். சுற்றி முடிந்து திரும்பி வரும்போது மூடி கல்யாண இலை மாதிரி நிறைந்திருக்கும். "நம்ம மேஜையில எல்லாருக்கும் எல்லாம் சமம்" என்று ஹெட்கிளார்க் மாமி பெருமையாகச் சொல்வாள்.

என் டப்பா டப்பாவாலாவிடம் வராது. தாராவியில் எங்கள் சந்துக்குள் அவர்கள் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. காலையில் நானே பையில் போட்டுக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடப்பேன். சேர்ந்த புதிதில் என் மூடியும் சுற்றிவந்தது. எல்லோரும் தாராளமாகவே போட்டார்கள். ஆனால் என் டப்பாவிலிருந்து யாரும் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளவில்லை. நான் கரண்டியை நீட்டினால், "உனக்கே போறாதேடி, நீ சாப்பிடு" என்பார்கள். அதை அக்கறை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். புரிவதற்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. மீன் பொரித்த வீட்டில் வதக்கிய வெண்டைக்காயும் அவர்களுக்கு மீன்தான்.

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் சந்தில் கேட்டால் சொல்வார்கள். என் கையிலிருந்து வாங்காதவர்கள் கையிலிருந்து நான் மட்டும் எதற்கு வாங்க வேண்டும் என்று, ஒரு நாள் மூடியைத் தள்ளாமல் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். "ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்று மாமி கேட்டாள். "பசி இல்லை மாமி" என்றேன். டப்பா நிறையச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு மேஜையின் கடைசி நாற்காலி எனக்கு என்று ஆகிவிட்டது.

என் பக்கத்து மேஜையில் டைப் அடிப்பவள்தான் அந்த ஆபீசில் எனக்கென்று இருந்த ஒருத்தி. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் புகுந்த வீடு. நான் சயானில் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறி ஒரு இடம் பிடித்துப் பையைப் போட்டு வைப்பேன், அவள் அடுத்த ஸ்டேஷனில் ஏறுவாள். ஆபீசுக்கு இறங்கும் வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் பேச்சு ஓயாது. என் கோபத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். "நீ ஸ்டவ்வாப் பொறந்திருக்கணும்டி, பம்ப் அடிக்காமலே எரியறாய்" என்பாள்.

ஏற்கெனவே ஒரு குழந்தை வயிற்றில் தங்காமல் போனவள். மறுபடி உண்டாகியிருந்தபோது, ஒரு நாள் காலை ரயிலிலேயே மயங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. விஷயம் தெரிந்ததும் மேஜையில் ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்காதே, காப்பியைத் தொடாதே, நாயர் கடைப் பக்கமே போகாதே. அரிசிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன் என்றிருந்த காலம் அது. அறிவுரைக்கு மட்டும் ரேஷன் கிடையாது.

லேடி டாக்டர் வேறு ஒன்று சொல்லியிருந்தாள். அதை என் சிநேகிதி மேஜையில் சொல்லவில்லை. வி.டி.யில் இறங்கி ஆபீசுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னாள்.

"ரத்தமே இல்லைங்கறா. டானிக் குடிச்சா வாந்தி வந்துடறது. தினம் ஒரு முட்டை சாப்பிட்டே ஆகணுமாம். இந்தத் தடவையும் போயிடும்னு பயமா இருக்குடி."

"சாப்பிடு. அதுக்கென்ன?"

"எங்காத்துலயா? வெங்காயத்துக்கே நாள் கிழமை பார்ப்பா என் மாமியார். இவர்கிட்ட சொன்னேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவா, என்னை வம்பில மாட்டாதேன்னுட்டார்." முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள். "நீ... உன் டப்பால ஒண்ணு கொண்டுவருவியோ?"

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டு வாசலில் பலகை அடித்த கூண்டில் அம்மா இரண்டு கோழி வளர்த்துவந்தாள். ரேஷன் அரிசியைப் புடைத்தால் விழும் குருணைதான் அவற்றுக்குத் தீனி. இரண்டும் மாறி மாறி முட்டையிடும். அந்த ஒரு முட்டை காலையில் எனக்கு. அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார், அவருக்குக்கூடக் கிடையாது. நான் ரயிலில் நின்று போகிறவள், எலும்பும் தோலுமாக இருக்கிறேன் என்று அம்மாவின் கணக்கு.

"அதை அவளுக்குக் கொண்டு போறேம்மா."

அம்மா கூண்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "பிள்ளத்தாச்சி வாய்விட்டுக் கேட்டிருக்கா. கொண்டு போ" என்றாள். மறுநாள் காலையில் அவித்து உரித்து, மிளகும் உப்பும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

ரயிலில் சாப்பிட முடியாது. லேடீஸ் டப்பாவில் பாதிப் பேர் மாட்டுங்காக்காரிகள். பதினொரு மணி டீக்கு எல்லோரும் எழுந்திருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஃபைல் தேடுவதாகச் சொல்லி ரெக்கார்டு ரூமுக்குள் போய்விடுவோம். முழு முட்டையைக் கடிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஃபைல் கட்டும் நூல் ஒன்றை எடுத்து நான்காக அறுத்துக் கொடுத்தேன். முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் மூக்கைப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள், "மிளகு கொஞ்சம் கூட வைக்கச் சொல்லேன்" என்றாள். எனக்கு ஒரே சிரிப்பு. சில வாரங்களில் உதட்டில் நிறம் வந்தது. ஸ்டேஷன் படியில் நிற்காமல் ஏறினாள்.

இதற்குள் ஹெட்கிளார்க் மாமியின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. மாமி என் சிநேகிதியின் பில்டிங்கில் மேல்மாடி. ஒரு நாள் நான் டப்பாவைத் திறந்ததும், "இங்கே முட்டை வாடை வரதே" என்றாள். முட்டை போய்ச் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாடை மட்டும் டப்பாவில் தங்கிவிட்டிருக்கிறது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மிகவும் பிரியமாகத்தான் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. முட்டை, மீன் எல்லாம் இந்த ரூம்ல வேண்டாம்னு ஒரு ரூல் வெச்சுக்கலாம். உன்னை மட்டும் சொல்லலை. எல்லாருக்கும் ஒரே ரூல். அதுதானே நியாயம்?"

எல்லோருக்கும் ஒரே ரூல்தான். அதில் மாட்டுகிறவள் நான் ஒருத்திதான். நான் என் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஏற்கெனவே கரைந்திருந்த சாதம் அது. நிமிரவே இல்லை. நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அவமானமாக இருந்தது. அதைவிட அவள் பேசாமல் இருந்தது வயிற்றெரிச்சலாக இருந்தது.

சாயங்கால ரயிலில் தாதர் வரைக்கும் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் அவள்தான் மெல்லச் சொன்னாள்.

"நான்னு சொன்னா இன்னிக்கு ராத்திரியே மாமியாருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் முட்டையும் கிடையாது, வேலையும் கிடையாது."

"தெரியுது. உனக்கு முட்டை வேணும். கொண்டு வாரவ வேண்டாம்" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. மாட்டுங்காவில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும், நாளையிலிருந்து முட்டை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி, நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவ பேசாம இருந்தது தப்புதான். அவ வயித்துல கெடக்குதே, அது உங்கிட்ட என்னட்டி சண்டை போட்டுச்சு?"

"அதுக்காக நான் கேவலப்படணுமா?"

"கோவத்தை நீ வச்சுக்க. முட்டையைக் குடுத்துரு."

அப்படித்தான் நடந்தது. கோபத்தை நான் வைத்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு ரெக்கார்டு ரூமில் டப்பாவை அவள் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளே நூலால் அறுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். மத்தியானம் நான் அங்கேயே தனியாகச் சாப்பிட்டேன். லேடீஸ் ரூமின் சிரிப்புச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். ரயிலில் இடம் மட்டும் பிடித்து வைத்தேன். பிள்ளைத்தாய்ச்சியை நிற்க வைக்க மனசு வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அன்று டீ நேரத்தில் அவள் முட்டையைத் தொடவில்லை. "ஏன், வயித்துல ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டேன். கோபத்தையெல்லாம் மறந்துவிட்டுத்தான் கேட்டேன். "ஒண்ணும் இல்லை, அப்புறம் சாப்பிடறேன்" என்றாள்.

மத்தியானம் நான் ரெக்கார்டு ரூமில் டப்பாவைத் திறக்கப்போன நேரத்தில் வந்தாள். என் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று லேடீஸ் ரூமுக்கு நடந்தாள். என்ன செய்கிறாள் என்று புரியாமல் நானும் பின்னால் ஓடினேன். மேஜையின் நடுவில் என் டப்பாவை வைத்தாள். என் மூடியை மல்லாத்தினாள். முட்டையை அதில் எடுத்து வைத்து, நூலால் அறுத்து, நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். சுற்றிக்கொண்டிருந்த மூடிகள் அங்கங்கே நின்றுவிட்டன.

"அன்னிக்கு வந்த வாடை என்னோடது" என்றாள். "டாக்டர் சொல்லி நான்தான் கேட்டேன். இவ கொண்டுவந்து கொடுத்தா. நீங்க எழுப்பி அனுப்பினது தப்பான ஆளை. மாமி, நீங்க இன்னிக்கே என் மாமியார்கிட்ட சொல்லிடுங்கோ. நானே சொல்ல எனக்குத் தைரியம் போறாது."

மாமி தன் மூடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். நான் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் பக்கத்தில் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

மாமி சொன்னாளா, அவளேதான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வராந்தாவில் மற்ற எல்லோருடைய டப்பாவும் இருந்தது, அவளுடையது வரவில்லை. "எங்கே பிறத்தியார் சமையல் ருசிக்கறதோ அங்கேயே சாப்பிட்டுக்கோன்னுட்டா" என்றாள். பேறுகாலத்துக்கு லீவு போடும்போது வேலையையே விட்டுவிட வேண்டும் என்றும் மாமியார் சொல்லியிருந்தாளாம். அவள் கணவர் வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால் இருந்தாராம்.

என் டப்பாவில் சோறும் புளிக்குழம்பும் அந்த ஒரு முட்டையும். சோற்றைப் பாதியாகப் பிரித்தேன். அவள் நூலை எடுத்து முட்டையையும் பாதியாக அறுத்து, ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு முட்டை பிடிக்காது" என்றேன்.

"பொய் சொல்லாதே. ரெண்டு கோழி, நாளுக்கு ஒரு முட்டைன்னு நீதானே ரயில்ல சொன்னாய். இத்தனை நாளா யாரோடதைச் சாப்பிட்டேன்னு எனக்குத் தெரியாதா? சாப்பிடு. இல்லேன்னா எனக்கும் வேண்டாம்."

சாப்பிட்டேன். இதைக் கேட்டபிறகு அம்மா டப்பாவை மாற்றிவிட்டாள். அப்பாவின் பெரிய அடுக்கு டப்பாவில் இரண்டு பேருக்கு அடைத்து அனுப்பினாள். பக்கத்து வீட்டில் மாவு கொடுத்து முட்டை வாங்கி எப்படியோ இரண்டாக்கினாள். மேஜையில் எங்கள் டப்பாவின் மூடி எங்களுக்குள்தான் போய் வந்தது. மற்ற மூடிகள் எங்களைத் தாண்டிச் சுற்றின.

அதன்பின் அவள் டாக்டரிடம் போன நாளில் துணைக்கு மாமியார் போயிருந்தாள். ரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது, செய்வதை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் மாமியாரின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறாள். திரும்பும் வழியில் அந்த அம்மாள், முட்டை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டாளாம். அன்று அவள் ஆபீசிலிருந்து நேரே டாக்டரிடம் போனதில் எங்கள் டப்பாவின் ஒரு அடுக்கு அவள் பையிலேயே மாட்டுங்காவுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அவள் ரயில் ஏறியதும் அந்த அடுக்கை என் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது. காலிப் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஏதாவது பட்சணம் வைத்திருப்பார்கள் என்று நினைத்துத் திறந்தேன். விளிம்பு வரைக்கும் குருணை.

"மாமியார் கொடுத்தா. உங்காத்துக் கோழிக்காம்" என்றாள். "வேலையைப் பத்திக் கேட்டேன். பிரசவம் ஆகட்டும், குழந்தையை நான் பார்த்துக்க மாட்டேனான்னா."

சாயங்காலம் அம்மா அதை வாங்கி முறத்தில் கொட்டி, வெளிச்சத்தில் விரலால் பரத்திப் பார்த்தாள்.

"கோழிக்குப் போடுத குருணைல யாராவது கல்லு பொறுக்குவாகளாட்டி?" என்று கேட்டாள். "பொறுக்கியிருக்காக."