விளக்கேற்றாத தீவு

செங்கம் ரோட்டு வாடகை அறையில் நேற்று சாயங்காலம் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஏற்ற உரசிய தீக்குச்சியின் வாடையில், கீழ்பென்னாத்தூர் பக்கத்து எங்கள் ஊர் ஏரி கண்முன் வந்து நின்றது.

ஏரி நடுவே ஒரு திட்டு. அந்தக் காலத்தில் அதில் சமணச் சாமியார்களின் மடம் இருந்ததாம். பூச்சி விழுந்து செத்துவிடும் என்று இருட்டினாலும் விளக்கேற்றமாட்டார்களாம். வெள்ளம் வந்த அன்று, காப்பாற்றத் தெப்பத்தில் போனவர்களுக்கு இருட்டில் திட்டு தெரியாமல், மடத்தோடு சாமியார்கள் அத்தனை பேரும் போய்விட்டார்களாம். அதனால் மழைக்காலம் முழுக்க, கரையோர வீடுகளில் பொழுது சாய்ந்ததும் ஏரியைப் பார்த்து ஒரு விளக்கு வைப்போம். அம்மா வைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவதுபோல், "சாமிங்களா, கரை இங்கதான் இருக்குது, வந்துடுங்க" என்று குரல் கொடுப்பாள்.

அம்மா செத்த வருஷம், அப்பா வேலையிலிருந்து திரும்பும்வரை நானே விளக்கு வைத்து, நானே கூப்பிட்டு, தவளைச் சத்தத்துக்கு நடுவே பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நான் கூப்பிட்டது சாமியார்களை அல்ல.

இப்போது ஏரி முழுக்க வீட்டுமனைகள். திட்டையும் ஜேசிபி வழித்துவிட்டது.

மெழுகுவர்த்தியை ஒரு விட்டில் பூச்சி சுற்றிச்சுற்றி வந்தது. ஊதி அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கரையிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.