சிந்திப் பசுவின் நெற்றிச் சுட்டி

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது என் பேரைக் கேட்டாலே சேலைத் தலைப்பைத் திருகுவேன். எழுதத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கும்போது நான் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருப்பது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லத்தான் இந்தத் துணிச்சல்.

எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு தறிகள் இருந்தன. பின்கட்டில் கொட்டகை போட்டு சிந்தி இனப் பசு ஒன்றைக் கன்றோடு கட்டியிருந்தோம். அரக்கு நிறப் பட்டுத்துணியைத் தண்ணீரில் நனைத்து எடுத்தால் ஒரு நிறம் வருமே, அதுதான் அதன் நிறம். கழுத்துக்குக் கீழே தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கி ஆடும். உருவம் சிறியது, தீனியும் கொஞ்சம்தான். பால் மட்டும் மறுநாள் வரைக்கும் விரலில் பிசுக்காக ஒட்டும். உடம்பெல்லாம் அரக்காக இருந்தும் நெற்றியில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளைச் சுட்டி இருந்தது.

அதைக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது எல்லாம் சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். தெருக்கோடியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் கொட்டகையில் வேலை. சாயங்காலம் முழங்கை வரை சிவப்போடு அவர் வந்தால், பசு முதலில் அந்தக் கையைத்தான் நக்கும். அவரும் நக்கி முடிக்கும்வரை அசையாமல் நிற்பார்.

அண்ணனுக்குப் பதினாறு வயது நிரம்பியதும் அவனுக்கு ஒரு தறி போட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழி தோண்ட மாட்டுக் கொட்டகையை விட்டால் வேறு இடம் இல்லை. மாட்டை விற்றுவிடலாம் என்று சாப்பிடும்போது சொன்னார். எங்கள் வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான். சித்தப்பா அவர் எதிரில் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அன்றைக்கும் தலையை ஆட்டினார். சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

ஏனாத்தூரிலிருந்து ஒரு விவசாயி மாடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவருக்குக் கலப்பில்லாத சிந்திதான் வேண்டுமாம். அதைக் கேட்டதும் அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"நெத்தியில வெள்ளை இருக்குதேடா. ஜெர்சி கலப்புன்னு சொல்லிக்கினு திரும்பிடப் போறாரு."

"அத நான் பாத்துக்கறேண்ணா" என்றார் சித்தப்பா. "அரக்குச் சாயம் கரைச்சு ஒரு பூச்சு பூசிட்டா தெரியாது."

"இன்னாவோ பண்ணு. எனுக்குத் தெரிய வாணாம்" என்று அப்பா தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பட்டுக்குப் போட்டது பத்தலன்னு மாட்டுக்கு வேறயா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

சித்தப்பா ஒரு கொட்டாங்கச்சியில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, சாயப்பொடியைக் கரைத்து, துணியால் தொட்டுச் சுட்டிமேல் பூசினார். கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பூசி முடித்தபோது வெள்ளை இருந்த இடமே தெரியவில்லை. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கறவை மாட்டை ஒரு பார்வையில் வாங்க மாட்டார்கள். மூன்று வேளை கறந்து பார்த்த பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றுவார்கள். ஏனாத்தூர்க்காரர் அன்று சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டைப் பார்த்ததும் நான் பசுவின் தலைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"எங்கூட்ல ஒரு ஜெர்சி கீதுபா" என்றார் அப்பாவிடம். "வெயில் வந்தா நாயாட்டம் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு எரைக்குது. அதுக்கு ஃபேன் வாங்கிக் குடுத்துட்டு நான் விசிறிக்கணும் போலக்குது. இதப் பாரு, இந்த வேக்காட்டுல எப்டி அசை போட்டுக்கினு நிக்குது!"

"அது என் கைக்குத்தாங்க சுரக்கும். வேத்தாள் கைபட்டா அடக்கிக்கும்" என்றார் சித்தப்பா.

ஏனாத்தூர்க்காரர் கேட்கவில்லை. கன்றைக் கொஞ்சம் ஊட்ட விட்டு, தானே உட்கார்ந்து கறந்தார். பசு யாருக்கும் எதையும் அடக்கிக்கொள்ளவில்லை. சொம்பில் நுரை எழும்பியது. அப்போது சித்தப்பா செய்த காரியத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

"மூஞ்சியத் தடவிப் பாருங்க, எவ்ளோ சாதுன்னு தெரியும்" என்றார்.

"மூஞ்சி எங்கியும் ஓடிடாது. காலைல பாத்துக்கலாம்" என்று ஏனாத்தூர்க்காரர் எழுந்தார்.

பூசியதையே சித்தப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஏனாத்தூர்க்காரர் போன பிறகு பார்த்தால் இன்னொரு வினை. பசு தலையைத் தேய்த்த சுவரில், சுண்ணாம்புமேல் ஓரடி நீளத்துக்குச் சிவப்பு. சாணியை எடுத்து அதன்மேல் அப்பினேன். நெற்றியை விரலால் தொட்டேன், விரல் சிவந்தது. காலையில் அந்த ஆள் தொட்டால் சித்தப்பாவை ஊரே திருடன் என்று சொல்லும். அப்பா முகத்தில் எப்படி விழிப்பார்?

சாயக் கொட்டகைக்குத் தினமும் காப்பி கொண்டுபோகிறவள் நான். "கொதி இல்லாம சாயம் ஒட்டாது, புளிப்பு உடாம நிக்காது" என்று அங்கே வேலைக்கு வரும் பையன்களிடம் சித்தப்பா கத்துவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பட்டுக்குப் பிடிப்பது மாட்டு மயிருக்கும் பிடிக்கும் என்று என் புத்திக்குப் பட்டது.

விடிந்ததும் அம்மா குளிக்கப் போன நேரத்தில், அடுப்பில் இருந்த வெந்நீரில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த சாயத்தையும் அதில் கலந்தேன். கை தாங்கும் சூட்டில் துணியை நனைத்து, பசுவின் நெற்றியில் வைத்து அழுத்தி, திரும்பத் திரும்ப ஒத்தினேன். வேறு மாடாக இருந்தால் என்னை முட்டித் தள்ளியிருக்கும். இது கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மூச்சை என் வயிற்றின்மேல் விட்டபடி நின்றது. பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஏனாத்தூர்க்காரர் வந்தார், கறந்தார். சித்தப்பா ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, "அழுக்கா கீது, கழுவிக் காட்டறேன்" என்று பசுவின் தலையிலேயே ஊற்றினார். தண்ணீர் தெளிவாக ஓடியது. ஏனாத்தூர்க்காரர் துண்டை எடுத்து மாட்டின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. சித்தப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் மூன்றாவது கறவையும் முடிந்தது. வெற்றிலை பாக்கு மாற்றும்போது ஏனாத்தூர்க்காரர் சொன்னார்: "ஒடம்பு பூரா ஒரே அரக்கு. சிந்தின்னா நெத்தியிலயோ தாடையிலயோ கொஞ்சம் வெள்ளை இருக்கறதுதான். இருந்திருந்தாலும் புடிச்சிக்கினு போயிருப்பேன். மனுஷன் பொய் சொன்னாத்தான் எனுக்கு ஆவாது."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொல்லையில் தனியாக நின்ற சித்தப்பாவிடம் ஓடி, வெந்நீரையும் எலுமிச்சம்பழத்தையும் சொன்னேன். தலையில் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பசுவின் நெற்றியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சாயம் நல்லா புடிச்சிருக்குதும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இருபது வருஷம் சாயக் கொப்பரை முன்னால் நின்றவர், பச்சைத் தண்ணீரில் கரைத்த சாயத்தை நம்பி ஏன் பூசினார், தொட்டுப் பாருங்கள் என்று ஏன் கூப்பிட்டார் என்றெல்லாம் யோசிக்கிற வயதில்லை அது. அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாத தம்பி ஒருவர், திருட்டுப் பட்டம் வந்தாலும் வரட்டும் என்று துணிந்திருந்தார் என்பது எனக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, நானும் சிலதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் விழுங்கிய பிறகுதான் புரிந்தது. அதற்குள் சித்தப்பா இல்லை.

மறுநாள் காலை ஏனாத்தூர்க்காரர் ஆளோடு வந்து, பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனார். சித்தப்பா அதற்கு முன்பே சாயக் கொட்டகைக்குப் போயிருந்தார். மத்தியானம் தறிக்குழி தோண்ட ஆரம்பித்தார்கள்.