பத்து மணி உத்தரவு

எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. நம் நாடு உறுப்பினராக இருந்த ஒரு சர்வதேச அமைப்பின் காகிதங்களைப் படித்து மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அந்தச் சமயம் அமைப்பின் பழைய ஆணைகளை மறுபரிசீலனை செய்யும் பேச்சு எழுந்தது. ஓரிடத்தில் குடிதண்ணீருக்கு உதவு, இன்னோரிடத்தில் தாதிகளுக்குப் பயிற்சி கொடு என்று உறுப்பு நாடுகள் கூடி அமைப்பின் தலையில் வைத்த வேலைகள்தான் ஆணைகள். சில வருடமாக அறிக்கை வராத ஆணை தானாகவே காலாவதியாகட்டும் என்றன பணக்கார நாடுகள். வளரும் நாடுகள் இழுத்தடித்தன. நாம் என்ன சொல்லலாம் என்று மேலதிகாரி கேட்டார். தாராளமாக ஒப்புக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வேண்டாததைக் கழிப்பதில் தனி ருசி கண்டிருந்தேன்.

குறிப்பைக் கொடுப்பதற்கு முன் பத்து நாள் விடுப்பில் கேமரன் மலைக்குப் போனேன். அக்கா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அப்போது குழந்தைக்கு ஐந்து மாதம்.

போன மறுநாளே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆளனுப்பிக் கூப்பிட்டார். பழைய உத்தரவுகளை அலசி, நடப்பில் இல்லாதவற்றை நீக்கச் சொல்லியிருந்தாராம் தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதிய துரை.

"நீங்க கே.எல்.லுல இதே வேலைதானே பாக்குறீங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்கம்மா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஆபீசில் நாற்காலி, தட்டில் தேநீர். ஒவ்வோர் உத்தரவுக்கும் உரிய பதிவுப் புத்தகத்தை வரவழைத்தேன். மூன்று வருடமாகப் பதிவில்லை என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு. விளக்குத் திரி வழங்கும் உத்தரவு போனது. அடுத்தது, 'பத்து மணிக்கு ஆயாக் கொட்டகைக்குச் செல்ல அரை மணி நேர அனுமதி'. கடைசிப் பதிவு ஆறு வருடம் பழையது. அதற்கும் கோடு போட்டேன்.

தாய்மார்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் ஆயாக் கொட்டகை. அக்கா தினமும் பத்து மணிக்கு இறங்கி வந்து பால் கொடுப்பது எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்கும் என்றுதான் தோன்றவில்லை. பொழுது விடிவது போல அது பாட்டுக்கு நடக்கிறது என்று இருந்துவிட்டேன். மலைப்பக்கமே போகாத கிராணிக்கும் உறைக்கவில்லை. ஒழுங்காக நடக்கிற காரியத்தை யார் புத்தகத்தில் எழுதுகிறார்கள்?

இரண்டு நாள் கழித்து நான் கொட்டகையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருந்தேன். பத்தே கால் ஆயிற்று. பாதையில் ஒருத்தரும் இறங்கவில்லை. மடியிலிருந்த குழந்தை முதலில் சிணுங்கியது, பிறகு வீறிட்டது. தொட்டில்களில் இருந்த மற்ற ஆறும் சேர்ந்துகொண்டன.

"இனிமே பத்து மணிக்கு இறங்கக் கூடாதாம் லா. ஆர்டர எடுத்துட்டாங்களாம்" என்றாள் ஆயா.

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். துரை கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகவே ஆங்கிலத்தில் விளக்கினார். பழைய உத்தரவை அப்படியே விட்டிருந்தால் அவர் பாட்டுக்கு விட்டிருப்பார். நீக்கியதற்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. புதிதாக ஓர் அனுமதி தர அவருக்கு அதிகாரம் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அரை மணி நேர வேலை ஏன் போக வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். எழுதுகிறேன் என்றார்.

வளரும் நாடுகள் ஏன் இழுத்தடித்தன என்று அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

மத்தியானம் அக்கா வந்தபோது ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் போட்ட கோடு அது என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு நானே குழந்தையைத் துணியில் சுற்றி மலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தாய் இறங்கக் கூடாதென்றால் பிள்ளை ஏறலாமே. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையை இறக்கி வைத்துவிட்டு, தூறலுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளுக்குள் குழந்தையை இழுத்துக்கொண்டு அக்கா பால் கொடுத்தாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு நாள் அப்படி நடந்தது. பிறகு என் விடுப்பு முடிந்தது. போகும் வழியில் பிரிஞ்சாங் ஊரில் ஒரு பால் புட்டி வாங்கி, தோட்டத்துக்குத் திரும்புகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அறிக்கை வரவில்லை என்பதால் தேவை தீர்ந்துவிட்டதென்று ஆகாது. ஓர் ஆணை யாருக்காக இருக்கிறதோ அவர்களைக் கேட்காமல் அதை நீக்கக் கூடாது. எளிய நாடுகள் ஒருமுறை இழந்ததைத் திரும்பக் கேட்க, கொடுக்க மனமில்லாதவர்களின் வாசலில் முதலிலிருந்து நிற்க வேண்டும். இப்படி எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, "என்ன, விடுப்புக்கு முன்னால் வேறு மாதிரி பேசினாயே" என்றார். மற்ற வளரும் நாடுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தன. எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை.

தோட்டத்துக்குப் புதிய உத்தரவு வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது.

அடுத்த முறை போனபோது, குழந்தை புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். "அந்த ஆர்டர எடுத்தது நான்தான்கா. நான்தான் கோடு போட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும். கிராணி அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்ப ஏன்கா என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

அக்கா குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"நாலு நாளு புள்ளையத் தூக்கிக்கிட்டு மலையேறி வந்தல்ல. அவ குடிக்கக் குடிக்க ஒன் மூஞ்சி தெளியுறத பாத்தேன். பால் குடுத்தது அவளுக்கு, பசி ஆறுனது ஒனக்கு. அதுக்கு மேல என்னத்த கேக்குறது?"